ஊட்னடாட்டா ட்ராக்கில் பைக் மக்கர் பண்ணினால்: அறிகுறி வாரியாகப் பழுது பார்க்கும் வழிமுறை

தெற்கு ஆஸ்திரேலியாவில் மர்ரீயிலிருந்து மார்லா வரை சுமார் 620 கி.மீ. மண் சாலை இது. 1980-இல் மூடப்பட்ட பழைய கான் ரயில் பாதையை ஒட்டியே பெரும்பாலும் போகிறது. மர்ரீயிலிருந்து வில்லியம் கிரீக் 204 கி.மீ., அங்கிருந்து ஊட்னடாட்டா 203, அங்கிருந்து ஸ்டூவர்ட் ஹைவேயில் இருக்கும் மார்லா 212. இடையில் பெட்ரோல் கிடையாது, மெக்கானிக் கிடையாது, ஊரைத் தாண்டினால் போன் சிக்னலும் கிடையாது.

தனியாகப் போகிறவர்களுக்காக எழுதியது இது. சுசுகி டிஆர்650, ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411 போன்ற ஒற்றை சிலிண்டர், டியூப் டயர் வண்டிகளை மனதில் வைத்திருக்கிறோம். இந்தச் சாலையில் எஞ்சின் உள்ளே உடைந்து நிற்கும் வண்டி அபூர்வம். நடுக்கமும் தூசியும்தான் வண்டியை நிறுத்துகின்றன. அதனால் எந்த அறிகுறி தெரிந்தாலும் முதலில் கேட்க வேண்டியது: எது கழன்றது, எது அடைத்தது, எது உரசி அறுந்தது? இதற்குப் பதில் தெரியும் முன் கார்புரேட்டரையோ எஞ்சின் கவரையோ பிரிக்கத் தொடங்காதீர்கள். பாலைவனத்தில் மணலில் விழுந்த ஒரு சின்ன ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் துளையுள்ள திருகு), நின்ற வண்டியை நிரந்தரமாக நிற்க வைத்துவிடும்.

வண்டி நின்றவுடன் செய்ய வேண்டியது

சாலையை விட்டு முழுதாக விலகி, எதிரேயும் பின்னாலும் தூரம் தெரிகிற இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். மேட்டின் மறுபக்கம் வேண்டாம். கேரவன் இழுத்து வரும் வண்டிகளும் மாட்டு லாரிகளும் கிளப்பும் தூசியில் பின்னால் வருகிறவருக்கு ஒன்றும் தெரியாது. ஹெல்மெட், ஜாக்கெட்டைக் கழற்றி, வண்டியின் நிழலிலோ ஒரு தார்பாய் கட்டியோ உட்கார்ந்து அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள். பத்து நிமிடம் ஸ்பேனரைத் தொட வேண்டாம். சூடான எஞ்சினில் கை வைத்துச் சுட்டுக்கொள்வதும், அவசரத்தில் தவறான ஆணியைக் கழற்றுவதும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் நடக்கின்றன.

வண்டியை விட்டு நடந்து போகவே கூடாது. வானத்திலிருந்து தேடுகிறவர்களுக்கு வண்டி தெரியும், மனிதர் தெரிய மாட்டார். அதன் பெட்டியில்தான் உங்கள் தண்ணீரும் இருக்கிறது.

எஞ்சின் சட்டென்று நின்றது, விளக்கும் எரியவில்லை

பேட்டரி டெர்மினல் கழன்றிருக்கும். வரிமேடுகளில், அதாவது மண் சாலையின் குறுக்கே வரிவரியாக எழும் சின்ன மேடுகளில், இரண்டு மணி நேரம் ஓட்டினால் சரியாக முறுக்காத டெர்மினல் ஆணி கழன்றுவிடும். சீட்டைக் கழற்றி இரண்டு டெர்மினலையும் கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் அதுதான் காரணம். முறுக்கிவிட்டு, டெர்மினலுக்கும் பேட்டரி மூடிக்கும் நடுவே ரப்பர் துண்டு ஒன்றைச் செருகுங்கள். பழைய டியூபில் வெட்டிய துண்டே போதும்.

டெர்மினல் இறுக்கமாக இருந்தால் மெயின் ஃப்யூஸ். ஃப்யூஸ் எரிந்திருந்தால் புதிதை உடனே போடாதீர்கள், எங்கேயோ வயர் தோல் உரிந்து பாடியைத் தொடுகிறது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஹேண்டில் தண்டு நுழையும் தலைக் குழாயை ஒட்டி வளையும் வயர்க் கட்டைப் பாருங்கள். பிறகு டேங்குக்குக் கீழே, அடுத்து பின்பெட்டிக் கம்பி வயரை நசுக்கும் இடம். ஜிபிஎஸ், போன் சார்ஜர், கூடுதல் விளக்கு என்று பிறகு சேர்த்த வயர்கள்தான் முதலில் அறுகின்றன. அவற்றை முதலில் பிரித்துவிட்டு ஃப்யூஸைப் போடுங்கள். பிறகும் எரிந்தால்தான் வண்டியின் சொந்த வயரிங்கைத் தேட வேண்டும்.

எஞ்சின் நின்றது, விளக்கு எரிகிறது

முதலில் கில் சுவிட்ச், அதாவது ஹேண்டிலில் எஞ்சினை அணைக்கும் சுவிட்ச். கையுறை பட்டு அது தள்ளப்பட்டிருப்பது சாதாரணமாக நடக்கிறது. நாலைந்து முறை ஆன், ஆஃப் செய்து பாருங்கள், உள்ளே புகுந்த தூசி விலகும்.

நியூட்ரலில் ஓடுகிறது, கியர் போட்டதும் அணைகிறது என்றால் சைடு ஸ்டாண்ட் சுவிட்ச்தான். ஸ்டாண்டின் முளையில் சேறும் கல்லும் அடைந்து, ஸ்டாண்ட் மேலே ஏறியிருந்தாலும் சுவிட்ச் கீழே இருப்பதாகவே நினைக்கும். தண்ணீர் ஊற்றி, பழைய பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். சுவிட்சே உடைந்திருந்தால், டிஆர்650-இல் அதற்குப் போகும் இரண்டு வயர்களையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றினால் வண்டி ஓடும். மற்ற வண்டிகளில் வயரிங் வேறுபடும். உங்கள் வண்டிக்கு எந்த வயரோடு எந்த வயர் என்பதைக் கிளம்பும் முன்பே பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இப்படிச் சேர்த்த பிறகு ஸ்டாண்டைக் கீழே விட்டபடி கிளம்பினாலும் எஞ்சின் அணையாது. இடப்பக்கம் வண்டி சாயும்போது ஸ்டாண்ட் தரையில் குத்தித் தூக்கி எறியும் என்பதால் கிளம்பும்போது ஒவ்வொரு முறையும் காலால் தட்டிப் பாருங்கள்.

டிஆர்650 வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. கிளட்ச்சுக்குப் பின்னால் நியூட்ரல் சுவிட்சைப் பிடித்திருக்கும் இரண்டு சின்ன ஸ்க்ரூ கழன்று கியர்பாக்ஸுக்குள் விழுவது இந்த வண்டியின் பெயர்பெற்ற குறை. விழுந்தால் கியர் நாசம். பயணத்துக்கு முன் வலப்பக்கக் கவரைத் திறந்து ஸ்க்ரூக்களுக்குத் திரெட்லாக் (கழலாமல் பிடிக்கும் பசை) போட்டு, முடிந்தால் கம்பியாலும் கட்டிவிடுங்கள். சாலையோரத்தில் செய்யக்கூடிய வேலை இல்லை இது.

திணறித் திணறி அணைகிறது, கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஓடுகிறது

பெட்ரோல் வரத்துக் கோளாறு. பலரும் இதை எஞ்சின் சூடு என்று நினைத்துக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருந்து, மறுபடி 15 கி.மீ. போய், மறுபடி நிற்பார்கள்.

டேங்க் மூடியைத் திறங்கள். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி பெட்ரோலை இறங்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. நிறுத்தி வைத்தால் மெதுவாகக் காற்று கசிந்து புகும், அதனால்தான் மறுபடி ஓடுகிறது. துளையை மெல்லிய கம்பியால் குத்தி, ஊதிச் சுத்தம் செய்யுங்கள். டேங்கின் காற்றுக் குழாய் ஹேண்டிலடியில் மடங்கி நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். டேங்க் மேல் பை கட்டியிருந்தால் சந்தேகம் முதலில் அந்தப் பையின் மேல்தான் விழ வேண்டும்.

சத்தம் கேட்கவில்லையா? டிஆர்650-இன் ஒரிஜினல் பெட்ரோல் காக் வெற்றிடத்தால் திறப்பது. எஞ்சினிலிருந்து அதற்கு வரும் மெல்லிய ரப்பர் குழாய் வெடித்திருந்தால் பெட்ரோல் வராது. காக்கைப் 'பிரைம்' நிலைக்குத் திருப்புங்கள். வண்டி ஓடினால் குழாய்தான் பிரச்சினை. குழாயை மாற்றும்வரை பிரைமிலேயே ஓட்டலாம், ஆனால் நிறுத்தும்போது திருப்பி வைக்க மறந்தால் கார்புரேட்டர் நிரம்பி வழியும்.

ஹிமாலயன் போன்ற இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவியைத் திருப்பியதும் டேங்குக்குள் பம்ப் இரண்டு மூன்று நொடி முனகும் சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் பம்ப்பின் ஃப்யூஸ், ரிலே, டேங்குக்கு அடியில் உள்ள கனெக்டர் என்று இதே வரிசையில் பாருங்கள். கனெக்டரைக் கழற்றி மறுபடி அழுத்தி மாட்டினாலே பல நேரம் சரியாகிவிடும். முனகல் வந்தும் திணறினால் டேங்கில் பெட்ரோல் எவ்வளவு என்று பாருங்கள். பம்ப்பைக் குளிர வைப்பதே பெட்ரோல்தான். 40 டிகிரி வெயிலில் கால் டேங்குக்குக் கீழே போனால் பம்ப் சூடேறித் திணறும். கேனில் இருப்பதைக் கடைசி வரை சேர்த்து வைக்காமல் பாதி டேங்கிலேயே ஊற்றிவிடுங்கள்.

ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் சில கடைகளில் ஓபல் என்ற 91 ஆக்டேன் பெட்ரோல் இருக்கும். பெட்ரோல் முகரும் பழக்கத்தைத் தடுக்க ஆரோமாட்டிக் பொருள்களைக் குறைத்துத் தயாரிப்பது. 91 ஆக்டேன் ஏற்கும் வண்டிகளுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை, திணறலுக்கு அதைக் குறை சொல்ல வேண்டாம்.

இழுவை குறைகிறது, பெட்ரோல் அதிகம் குடிக்கிறது

ஏர் ஃபில்டர். புல்டஸ்ட் என்று இங்கே சொல்கிற நைந்த செம்மண் குழிகளில் நிரம்பி, பார்க்கச் சமதரையாகத் தெரியும். சக்கரம் இறங்கியதும் மேலே எழும்பி எல்லாவற்றுக்குள்ளும் நுழையும். இன்னொரு வண்டியின் தூசியில் ஒரு மணி நேரம் போனாலும் ஃபில்டர் அடைத்துவிடும்.

ஸ்பாஞ்சு ஃபில்டர் என்றால் எண்ணெய் தடவிய இன்னொன்றை ஜிப் பையில் போட்டு எடுத்துப் போவதுதான் சரி. மாற்றும் முன் ஏர்பாக்ஸின் வெளிப்பக்கத்தை ஈரத் துணியால் துடையுங்கள், இல்லையென்றால் அங்கிருக்கும் மண் நேராக எஞ்சினுக்குள் விழும். பழைய ஃபில்டரை எடுத்ததும் எஞ்சின் பக்கக் குழாயின் உட்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். விரலில் மண் ஒட்டினால் ஃபில்டரைத் தாண்டித் தூசி போகிறது என்று அர்த்தம். ஃபில்டரின் விளிம்பில் கிரீஸ் தடவி உட்கார வையுங்கள். காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது. அழுக்குப் பக்கம் கீழே பார்க்கும்படி உள்ளங்கையில் தட்டினால் போதும்.

ஃபில்டர் இல்லாமல் 'அடுத்த ஊர் வரைக்கும்தானே' என்று ஓட்டுகிறவர்கள் உண்டு. மண் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் அரைத்துவிடும். அப்படிப் போவதற்குப் பதில் உங்கள் காட்டன் பனியனை வெட்டி, எஞ்சின் ஆயில் லேசாகத் தடவி, பழைய ஃபில்டரின் சட்டத்தில் இறுக்கிக் கட்டி மெதுவாகப் போங்கள்.

இழுவை சரியாக இருந்து பெட்ரோல் மட்டும் அதிகம் போனால் எதிர்க்காற்று. இது பழுது இல்லை, ஆனால் கணக்கைக் குலைக்கும். டிஆர்650-இன் 13 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 20 கி.மீ. கொடுத்தால் 260 கி.மீ. வரும். எதிர்க்காற்றிலும் மணலிலும் 15-ஆகக் குறைந்தால் 195 தான், வில்லியம் கிரீக் வரை போகாது. பெரிய டேங்க் இல்லாதவர்கள் 5 லிட்டர் கேன் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தை 90-லிருந்து 70-ஆகக் குறைத்தாலே பெட்ரோல் மிச்சமாகும்.

ஹேண்டில் ஆடுகிறது

எங்கே ஆடுகிறது என்பதைப் பொறுத்துத்தான் காரணம். தளர்ந்த மண்ணில் மட்டும் ஆடினால் பெரும்பாலும் வண்டியில் கோளாறு இல்லை. டயரில் காற்று அதிகம், பின்னால் சுமை அதிகம். 20 முதல் 25 கிலோ சாமானோடு சரளையில் முன் 24, பின் 28 பிஎஸ்ஐ எங்கள் பரிந்துரை. நீளமான மணல் பகுதியில் 18, 20 வரை இறக்கலாம். அதற்குக் கீழே போனால் டயர் ரிம்மில் நழுவி, டியூபையும் இழுத்து வால்வைக் கிழிக்கும். மணல் முடிந்து கிப்பர் என்கிற கூர்ங்கல் தரை தொடங்கியதும் காற்றைத் திரும்ப ஏற்றுங்கள். ஏற்றாமல் போனால் ரிம் அடிவாங்கும். தண்ணீர், கருவிகள் போன்ற கனமானவற்றை டேங்கின் இரு பக்கமும் முன்னால் கொண்டு வாருங்கள்.

கெட்டித் தரையிலும் ஆடுகிறதா, உடனே நிறுத்துங்கள். முன் டயரில் காற்று இறங்குகிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் அசைத்து, மறு கையால் தலைக் குழாயின் கீழ்ப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். 'டொக்' என்று கையில் தட்டினால் ஸ்டியரிங் பேரிங் தளர்ந்திருக்கிறது, நட்டை அந்த ஆட்டம் போகும் அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். பிறகு ஸ்போக். ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் தட்டிக்கொண்டே போங்கள். இறுகிய கம்பி 'டிங்' என்னும், தளர்ந்தது 'டப்' என்னும். தளர்ந்ததைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே முறையில் முறுக்கினால் ரிம் கோணும்.

பஞ்சர்

பின்சக்கரத்தைத் தனி ஆளாகக் கழற்றுவதுதான் கஷ்டமான பகுதி. டிஆர்650-க்கு நடு ஸ்டாண்ட் வராது. சாமான் பெட்டியையோ கற்களையோ எஞ்சின் கார்டுக்கு அடியில் கொடுத்து, முன் பிரேக் லீவரை ஹேண்டிலோடு பட்டையால் கட்டிவிடுங்கள். கழற்றும் அச்சு, புஷ், நட் எல்லாவற்றையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு துணியின் மேல் அடுக்குங்கள். மணலில் வைத்தால் பேரிங்குக்குள் மண் போகும்.

டியூபில் அருகருகே இரண்டு கீறல் தெரிந்தால் கல்லில் மோதி ரிம் நசுக்கியது, காற்றுக் குறைவே காரணம். ஒற்றைத் துளை என்றால் முள்ளோ கம்பியோ இன்னும் டயரில் இருக்கிறது. வெறும் விரலால் தேடாமல் துணியை உள்பக்கம் இழுத்துப் பாருங்கள், மாட்டும் இடத்தில் முள் இருக்கும். வால்வின் அடிப்பகுதி கிழிந்திருந்தால் பேட்ச் நிற்காது, டியூபை மாற்ற வேண்டும். ஒரே ஒரு மாற்று டியூப்தான் எடுத்துப் போக முடியும் என்றால் 21 அங்குல முன் டியூபை எடுங்கள். அவசரத்துக்குப் பின்சக்கரத்திலும் அதை மடித்து நுழைத்து மெதுவாக ஓட்டலாம். பின் டியூப் முன்னால் போகாது.

வெயிலில் பேட்ச் ஒட்டுவது ஏமாற்றும் வேலை. சொல்யூஷன் மேலே சட்டென்று காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும். நிழலில் வைத்து, மெல்லியதாகத் தடவி, பளபளப்பு போனபின் ஒட்டி, கரண்டிக் காம்பால் நடுவிலிருந்து வெளியே அழுத்தித் தேயுங்கள். டயரை ஏற்றும்போது விளிம்பில் சோப்புத் தண்ணீர் கொஞ்சம் தடவினால் டயர் லீவருக்கு அடங்கும். லீவர் கடைசியில் பலம் கேட்டால் டியூபைக் கடிக்கப் போகிறீர்கள். எதிர்ப்பக்க விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்தில் முழங்காலால் அழுத்தினால் தளர்வு கிடைக்கும். வால்வு நட்டை ரிம்மோடு முறுக்காமல் மேலே மூடியோடு சேர்த்து விடுங்கள். டியூப் நகர்ந்தால் வால்வு சாய்வது கண்ணுக்குத் தெரியும், கிழியும் முன் சரி செய்யலாம்.

பின்புறம் துள்ளுகிறது, கடகட சத்தம்

வரிமேட்டில் ஷாக் அப்சார்பர் ஓயாமல் வேலை செய்து, உள்ளே எண்ணெய் சூடேறித் தணிக்கும் சக்தியை இழக்கும். கை வைத்தால் சுடும். அரை மணி நேரம் நிறுத்தினால் திரும்பி வரும். ஷாக்கின் தண்டில் எண்ணெய் வழிந்திருந்தால் திரும்பி வராது. 50 கி.மீ. வேகத்தில் அடுத்த ஊர் வரை போய் சுமையை இறக்க வேண்டியதுதான்.

சத்தம் பெட்டி மாட்டும் கம்பியிலிருந்து என்றால் வெல்டிங் விரிசல். டயர் லீவரை முறிவின்மேல் வைத்து ஹோஸ் கிளாம்ப் மூன்று போட்டு இறுக்குங்கள். கிளாம்ப் ஆறு எடுத்துப் போங்கள், எடை ஒன்றுமில்லை. முக்கிய நட்களில் பெயின்ட் கோடு போட்டு வைத்தால், பெட்ரோல் போடும் இடங்களில் ஒரு பார்வையிலேயே எது திரும்பியிருக்கிறது என்று தெரியும்.

செயின் சத்தமா? தூசியில் ஒட்டும் எண்ணெய் சாணைப் பசையாகிவிடும். மாலை வண்டி நின்றபின் துடைத்து, உட்பக்கம் மட்டும் குறைவாகப் போட்டு, மிச்சத்தைத் துடையுங்கள். இறுக்கத்தை மேனுவல் சொல்லும் அளவில் தளர்வான எல்லைப் பக்கம் வையுங்கள். மாற்று லிங்க்கின் கிளிப்பில் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.

மழை பெய்தது, சக்கரம் சுற்றவில்லை

களிமண் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அடைத்துக்கொண்டது. குச்சியால் நோண்டி எடுத்தால் ஐம்பது மீட்டரில் மறுபடி அடைக்கும், கிளட்ச் தட்டுதான் கருகும். இதற்கு ரிப்பேர் கிடையாது, காத்திருப்பதுதான் வழி. உயரமான இடத்தில் முகாமிடுங்கள், காய்ந்த ஓடைப் படுகையில் வேண்டாம். தொலைவில் பெய்த மழையும் ஓடையில் வந்து சேரும். மாநில அரசின் சாலை அறிவிப்பு 'மூடியது' என்றால் போகக் கூடாது. அபராதம் ஒரு பக்கம் இருக்க, ஈர மண்ணில் விழும் ஒரு தடம் மாதக்கணக்கில் கல்லாக இறுகி அடுத்து வருகிறவரைத் தள்ளிவிடும். இரண்டு நாள் சாப்பாடு கூடுதலாக வைத்திருப்பது இதற்காகத்தான்.

தலைவலி, எரிச்சல், சின்ன வேலையில் தடுமாற்றம்

இது வண்டியின் அறிகுறி இல்லை, உங்களுடையது. ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2-இல் 50.7 டிகிரி பதிவானது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இந்தச் சாலையில் தனியாகப் போகவே வேண்டாம். குளிர்காலத்திலும் காற்று வியர்வையை உடனே காய வைப்பதால் தண்ணீர் போவது தெரியாது. சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் ஏற்கெனவே தாமதம். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்தால் உடலில் உப்பு குறையும், ஓஆர்எஸ் பாக்கெட்டும் சேர்த்துக் குடியுங்கள். ஒரு நாளைக்குக் குறைந்தது 5 லிட்டர், அதற்கு மேல் வண்டி நின்றால் தாங்க 5 லிட்டர், ஒரே கேனில் இல்லாமல் பிரித்து வையுங்கள். குழப்பமோ வாந்தியோ வந்தால் பயணம் அன்றைக்கு முடிந்தது. நிழல், நனைத்த துணி, உதவிக்கு அழைப்பு.

பாம்பு கடித்தால் கழுவவோ கீறவோ கூடாது. கடிவாயின் மேல் தொடங்கி, பிறகு விரல் நுனியிலிருந்து கை அல்லது கால் முழுதும் அகலமான எலாஸ்டிக் கட்டை இறுக்கிச் சுற்றி, குச்சி வைத்து அசையாமல் கட்டி, இருந்த இடத்திலேயே உட்காருங்கள்.

உதவி கேட்பது

பிஎல்பி என்ற 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவியை ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் இலவசமாகப் பதிவு செய்யலாம். பயண விவரத்தையும் அதில் எழுதுங்கள். இதை வண்டிப் பெட்டியில் வைக்காதீர்கள், ஜாக்கெட் பையில் இருக்க வேண்டும். விழுந்து கால் முறிந்தவருக்கு இருபது மீட்டர் தள்ளிக் கிடக்கும் வண்டி எட்டாத தூரம்தான். பிஎல்பி உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும். செயின் அறுந்ததற்கும் பெட்ரோல் தீர்ந்ததற்கும் செய்தி அனுப்பும் சாட்டிலைட் கருவியை வைத்துக்கொள்ளுங்கள். யூஎச்எஃப் வாக்கி டாக்கியில் லாரிக்காரர்கள் பேசுவது 40-ஆவது சேனல், அவசரத்துக்கென்று ஒதுக்கியது 5. சிக்னல் உள்ள இடத்தில் 000.

தவறுதலாக பிஎல்பியை இயக்கிவிட்டால் பயந்து பேசாமல் இருக்க வேண்டாம். உடனே அணைத்துவிட்டு, அந்த ஆணையத்தின் மீட்பு மையத்துக்கு எந்த வழியிலாவது தகவல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் உங்களைத் தேடி விமானம் கிளம்பும், அதே நேரத்தில் வேறு எங்காவது உண்மையாகவே ஒருவர் அதற்காகக் காத்திருக்கலாம்.